நஹோகோ தேர்ந்தெடுத்த மஞ்சள் கால்சட்டை

கமினுமா கிராமத்து ஷிபுவே நஹோகோ மலைக்குப் போகிற நாளில் தண்ணீர் குடிக்கமாட்டாள். காலையில் ஒரு வாய் தேநீர்கூடக் கிடையாது. கணவனுக்கு மிஸோ சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் வெறும் சோற்று உருண்டையை மென்று விழுங்கிக்கொண்டு கிளம்புவாள். விரதமா என்றால் விரதமில்லை. வேண்டுதலா என்றால் அதுவுமில்லை. எல்லாம் ஒரு கால்சட்டையால் வந்த வினை.

அவள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். நூற்றறுபது பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பது சாதாரணக் காரியமா? நாற்பத்தாறு வயது, குட்டை உருவம், துடுப்பு மாதிரி கரண்டியைப் போட்டு அண்டாவைக் கிளறிக் கிளறி உருண்டு திரண்ட தோள். அந்தத் தோளைப் பார்த்துத்தான் கஸ்ஸான் மலைமீட்புக் குழுத் தலைவர் குனீ தெத்சுரோ பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். "இந்தப் பொம்பளை இழுத்தா மலையே வந்துடும்யா" என்று ஸோபா என்கிற பாப்பரை நூடுல்ஸ் விற்கும் தன் கடையில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

எங்கள் மலையில் லிஃப்ட் இல்லாத பக்கம்தான் அதிகம். பனிச்சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, தாங்களே மூச்சிரைக்க ஏறி, யாரும் மிதிக்காத பனியில் சறுக்கி இறங்க வேண்டுமென்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் வருடத்துக்கு நாலைந்து பேராவது வழி தவறுவார்கள், காலை ஒடித்துக்கொள்வார்கள். போய் அள்ளிக்கொண்டு வருவது இந்தக் குழுவின் வேலை. மொத்தம் ஒன்பது பேர். நஹோகோவைத் தவிர எட்டுப் பேரும் ஆண்கள்.

குழுவுக்கென்று ஒரே மாதிரி நீலக் கால்சட்டை உண்டு. மார்புவரை ஏறி, தோள் வாரில் தொங்குவது. விழுந்து புரண்டாலும் இடுப்பு வழியாகப் பனி உள்ளே போகாது, அந்த மட்டில் நல்ல உடுப்புதான். ஆண்களுக்கு முன்னால் ஒரு சாண் ஜிப் இருந்தால் தீர்ந்தது. நஹோகோவுக்கோ, முதுகுப் பையை இறக்கி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, மேல்சட்டையைக் கழற்றி, வாரைத் தோளிலிருந்து தள்ளி, அப்புறம்தான் கால்சட்டையைக் கீழே இறக்க முடியும். அதுவும் எங்கே? மரமில்லாத மேட்டில், ஆளையே தூக்குகிற காற்றில், எட்டு ஆண்கள் காத்து நிற்கும்போது! முதல் வருடம் ஒருமுறை செய்து பார்த்தாள். விரல் மரத்துப்போய், வாரை மாட்ட முடியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து தண்ணீரை விட்டுவிட்டாள்.

பதினோரு வருடம். சும்மா சொல்லக்கூடாது, அழுத்தக்காரி. ஒருவருக்கும் தெரியாது. சென்ற இலையுதிர் காலத்தில் சிறுநீரகத்தில் கல் வந்து சுருண்டு விழுந்தபோதுதான் ஊர் மருத்துவருக்கு விஷயம் தெரிந்தது.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் மருத்துவர்.

"குடிக்கறேனே."

"மலைக்குப் போற அன்னிக்கு?"

"வீட்டுக்கு வந்தப்புறம் குடிப்பேன்."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "ஷிபுவே-சான், ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன். இன்னும் ரெண்டு வருஷம் இப்படி ஓட்டினீங்கன்னா ஒரு சிறுநீரகம் போயிடும். மலையில தண்ணி குடிங்க. முடியாதுன்னா மலையை விட்டுடுங்க."

அன்று வீட்டில் அவள் கணவன் மசாதோ செர்ரி மரக் கிளை வெட்டுகிற கத்தரியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "குழுவுல நேரா சொல்லிடேன்."

"என்னன்னு சொல்லச் சொல்றே? எட்டு ஆம்பளைங்க தேநீர் குடிச்சிட்டு உக்காந்திருக்கற இடத்துல, எனக்கு ஒண்ணுக்குப் போக வழியில்லைங்கன்னா?"

"அப்ப மலையை விட்டுடு."

"செத்தாலும் மாட்டேன்" என்றாள். ஆனால் அன்று ராஜினாமாக் கடிதம் எப்படி எழுதுவதென்று மனசுக்குள் இரண்டு வரி ஓட்டிப் பார்த்ததும் உண்மை.

அந்த நேரத்தில்தான் குருட்டு அதிர்ஷ்டம் போல அது வந்தது. நவம்பர் கூட்டத்தில் தலைவர் குனீ, கிராம அலுவலகம் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு புதுக் கால்சட்டைக்குச் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார். ஒன்பது பேருக்கும் ஒரே வகை. புயலில் ஒருவனுக்கு ஏதாவது ஆனால் அவன் உடுப்பை மற்றவன் கண்ணை மூடிக்கொண்டு திறக்கத் தெரியவேண்டும் என்பது குழுவின் வழக்கம். ஆளுக்கொரு தினுசு கிடையாது.

"முழங்கால் நனையுது, முழங்கால் நனையுதுன்னு எந்நேரமும் பாட்டுப் பாடறது நஹோகோதான்" என்றார் தலைவர். "இந்தத் தடவை நீயே தேடு. ஜனவரிக் கூட்டத்துல முடிவு பண்ணுவோம்."

நஹோகோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். சரியான கால்சட்டை கிடைத்தால் குழுவில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வசந்தத்தோடு சரி.

மறுவாரமே யமகதா நகரத்து மலைச் சாமான் கடைக்குப் போய், நாள் முழுக்க நின்று, கடைக்காரர் பொறுமையைச் சோதித்து, மூன்று மாதிரிகளை இரவல் வாங்கி வந்தாள். ஒன்று நீலம்: பழையதன் தம்பி, இன்னும் தடிமன், ஆற்றில் இறங்கி நின்றாலும் சொட்டு உள்ளே வராது என்று பெயர். இரண்டாவது சாம்பல்: மெல்லிசு, இழுத்த இழுப்புக்கு வரும், ஏறும்போது வியர்வையை வெளியே விட்டுவிடும். மூன்றாவது மஞ்சள். சாதாரண மஞ்சளா? எங்கள் ஊர் ஊறுகாய் முள்ளங்கியின் பளீர் மஞ்சள்! மார்புவரை ஏறுகிறது, வாரும் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் விலாவிலிருந்து கணுக்கால்வரை நீளத்துக்கு ஜிப். பக்க ஜிப்பை இறக்கினால் வாரைத் தொடாமலே, மேல்சட்டையைக் கழற்றாமலே பின்பாதி மட்டும் கீழே இறங்கும்.

கடையின் துணி மறைப்புக்குள் அதைப் போட்டுப் பார்த்து, ஜிப்பை இறக்கி, உட்கார்ந்து, எழுந்து, மூடினாள். இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. மறைப்புக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றாள். பதினோரு வருடம், இருபது எண்ணிக்கையில் தீர்கிற காரியத்துக்கா இந்தப் பாடு என்று ஆத்திரமாக வந்தது அவளுக்கு.

ஆனால் அவள் நேர்மைக்காரி. வீட்டுக்கு வந்து மூன்றையும் கொடியில் தொங்கவிட்டதும் வேறு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. ஜிப் என்றாலே தையல், தையல் என்றாலே தண்ணீர் நுழைகிற வாசல். தன் ஒருத்தியின் அவஸ்தைக்காக எட்டுப் பேர் தலையில் ஒழுகுகிற கால்சட்டையைக் கட்டிவிட்டாள் என்று ஆகிவிட்டால்? அந்த அவமானத்துக்கு மலையை விடுவதே மேல்.

ஆகவே சோதனை தொடங்கியது. கடையில் எல்லோரும் நின்றுகொண்டே கால்சட்டை பார்ப்பார்கள். கண்ணாடியில் பின்புறம் பார்ப்பார்கள். மீட்புக் குழுவின் பிழைப்போ முழங்காலில்தான். பனியைத் தோண்டுவது முழங்காலில், கட்டுப் போடுவது முழங்காலில், அடிபட்டவன் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் முழங்காலில். சமையற்கூடத்துக்குப் பின்னால் கூரைப் பனி சரிந்து விழுந்து, சுடுநீர்க் குழாய்ச் சூட்டில் உருகிக் கஞ்சியாகக் கிடக்கும். அங்கே நஹோகோ ஒவ்வொரு கால்சட்டையாகப் போட்டு, அதன் முழங்காலுக்குள் பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு மண்டியிட்டாள். உள்ளே சோறு வெந்து இறங்கும்வரை நாற்பது நிமிடம் எழவில்லை.

கூடச் சமைக்கும் ஓபா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். "அக்கா, எந்தச் சாமியைக் கும்பிடறீங்க? எனக்கும் சேத்து வேண்டிக்குங்க."

"போடி, சூப்பு பொங்கப்போவுது பாரு."

சாம்பல் கால்சட்டையில் செய்தித்தாள் இருபது நிமிடத்தில் பிசின் மாதிரி ஆகிவிட்டது. நீலத்தில் காய்ந்த இலை மாதிரி சரசரத்தது. மஞ்சளிலும் முழங்கால் காய்ந்தே இருந்தது, ஆனால் தொடைப் பக்கம் ஜிப் ஓரமாக ஒரு ஈரக் கோடு. மறுநாள் மறுபடி மண்டியிட்டாள். மறுபடி ஈரக் கோடு. மூன்றாம் நாள் ஜிப்பை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போனவள், முட்டிக்கு மேலே ஜிப்பின் மேல்மடிப்பு உள்பக்கமாகச் சுருண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். கையுறையோடு அவசரமாக மூடினால் அது சுருண்டுகொள்கிறது. உள்ளங்கையால் ஒரு தடவை மேலிருந்து கீழே நீவிவிட்டால் படிந்துகொள்கிறது. நீவிவிட்டு மண்டியிட்டாள். நாற்பது நிமிடம். செய்தித்தாளில் வானிலைப் பக்கத்தை எழுத்து அழியாமல் படிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலை. ஒரே சரிவு, ஒரே வேகம், ஒரே உள்ளாடை. நீலத்தைப் போட்டுக்கொண்டு ஏறியபோது மேலே போய்ச் சேர்வதற்குள் உள்ளாடையைப் பிழியலாம் போலிருந்தது. ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நீராவியில் நிற்கிறவளுக்கு இது புதிதா? வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்தண்ணீர் வெளியே போகாது. கடைசியில் நனைந்தவள் நனைந்தவள்தான். மஞ்சளில் பக்க ஜிப்பை மேலே ஒரு முழம் இறக்கிவிட்டு ஏறினாள், காற்று உள்ளே புகுந்து விளையாடியது.

"பேன்ட் பாக்கறவ மாதிரியா இருக்கே?" என்றான் மசாதோ. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறவ மாதிரியில்ல இருக்கே!"

"மாப்பிள்ளை சரியில்லைன்னா திருப்பி அனுப்பிடலாம். இதைப் பத்து வருஷம் மாட்டிக்கிட்டுத் திரியணும்" என்றாள்.

ஜனவரிக்குள் குழுவில் ஒவ்வொருவரும் வந்து மாதிரிகளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மின்வேலை பார்க்கிற ஒகுயாமா ஷுன்பேய், முப்பத்துநாலு வயதுக்காரன், குழுவில் இளையவன், மஞ்சளைப் போட்டுக்கொண்டு பனியில் குட்டிக்கரணம் அடித்துவிட்டு, "அக்கா, இதுதான். சந்தேகமே வேண்டாம்" என்றான். மற்றவர்களும் வீட்டு வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் தனித்தனியாக அதையே சொன்னார்கள், பெட்ரோல் பங்கில் ஒருவர் சத்தியமே செய்தார். தலைவர் மட்டும் நீலத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

கூட்டம் கிராம மண்டபத்தில், ஞாயிறு மத்தியானம். பாய்த் தரையில் உட்கார ஒன்பது சின்ன மெத்தை, நடுவில் தேநீர்க் கெட்டில், தட்டில் முள்ளங்கி ஊறுகாய். நஹோகோ மூன்று கால்சட்டைகளையும் விரித்து வைத்து, செய்தித்தாள் கதையையும் வியர்வைக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். மஞ்சள்தான் என்று முடித்தாள்.

தலைவர் ஊறுகாய்த் துண்டு ஒன்றை எடுத்து மஞ்சள் கால்சட்டைமேல் வைத்துப் பார்த்தார். வைத்த துண்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. "நாம மீட்புக் குழுவா, ஊறுகாய்க் கடையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் முகம் மாறியது. "விளையாட்டு இருக்கட்டும். எனக்கு ஜிப் ஆகாது. இருபது வருஷத்துக்கு முந்தி ஒரு ஜிப் பனியில உறைஞ்சு திறந்தது திறந்தபடியே நின்னு, தொடையில தோல் செத்துப்போச்சு. இதுல ரெண்டு கை நீளத்துக்கு ஜிப் இருக்கு. நீலம் பழகினது, நம்பகமானது. மத்தவங்க என்ன சொல்றீங்க?"

நஹோகோ எல்லோரையும் பார்த்தாள். பெட்ரோல் பங்கில் சத்தியம் செய்தவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். ஷுன்பேய் பாயின் ஓரத்தைத் தடவினான்.

"தலைவர் சொன்னா சரிதான்" என்றார் ஒருவர்.

"தலைவருக்குத் தெரியாததா?" என்றார் இன்னொருவர்.

எங்கள் ஊர்க் கூட்டங்கள் இப்படித்தான். வாசலில் வைத்துப் பேசியதெல்லாம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறப்பது மரியாதை இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே பெரியவர் வீட்டுக்குப் போய், அவர் வாயிலிருந்தே அந்த முடிவு வருகிற மாதிரி பேசி வைத்துவிடுவார்கள். நஹோகோ ஏழு பேரிடம் பேசினாள், தலைவரிடம் மட்டும் போகவில்லை. சோதனையெல்லாம் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கும்போது போய் வேறு கெஞ்ச வேண்டுமா என்ற கர்வம். தப்புதான். இப்போது உட்கார்ந்து அனுபவித்தாள்.

"அப்போ நீலம்னு எழுதிக்கலாமா?" என்றார் தலைவர்.

"எழுதாதீங்க" என்றாள் நஹோகோ. "எல்லாரும் வாயில மோச்சிக் கொழுக்கட்டையை அடைச்சு வச்சிருக்கீங்களா? சரி, நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன். தலைவரே, இந்தக் குழுவுல பதினோரு வருஷமா இருக்கேன். மலையில நான் தண்ணி குடிச்சு யாராவது பாத்திருக்கீங்களா?"

எல்லோரும் யோசித்துப் பார்க்கிறார்கள் என்று முகத்தில் தெரிந்தது.

"பாத்திருக்க மாட்டீங்க. குடிச்சா போகணும். இந்த நீலத்தை மாட்டிக்கிட்டு எங்க போறது, எப்படிப் போறது? நீங்க எல்லாரும் திரும்பி நின்னு ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டு வர்றீங்க. நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாக்கு ஒட்டிக்கிட்டு பனியில நடக்கறேன். பனிக்கு நடுவுல, தாகத்தோட! போன இலையுதிர்காலத்துல கல்லு வந்துச்சு. முதுகு வலின்னு உங்ககிட்ட சொன்னேனே, அதுதான். இப்படியே போனா சிறுநீரகம் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். நீலம்னு எழுதினா எட்டுன்னு எழுதிக்குங்க. ஒம்போது வேண்டாம்."

நஹோகோவுக்குக் காதுவரை சூடு ஏறிவிட்டது. ஆனால் தலையைக் குனியவில்லை.

தலைவர் மஞ்சள் கால்சட்டையின் ஜிப்பை ஒரு சாண் இறக்கிப் பார்த்தார். "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார் மெதுவாக.

"நீங்க ஏன் முன்னாடியே கேக்கலை?"

இப்படி ஒரு பதிலை அந்த மண்டபத்தில் குனீ தெத்சுரோவுக்கு யாரும் கொடுத்ததில்லை. ஷுன்பேய் தலையைத் தூக்கினான். "தலைவரே, மஞ்சள்தான் நல்லா இருக்கு. நான் முதல்லயே அக்காகிட்ட சொல்லிட்டேன். இங்க சொல்லத்தான் தைரியம் வரலை" என்றான். பெட்ரோல் பங்கில் சத்தியம் செய்தவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக நானும், நானும் என்று வரிசை கட்டியது.

தலைவர் ஊறுகாய்த் துண்டைக் கால்சட்டைமேலிருந்து எடுத்து வாயில் போட்டு மென்றார். "மஞ்சள். ஒம்போது" என்றார். "ஒழுகிச்சுன்னா நஹோகோதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள்.

பிப்ரவரியில் ஒன்பது மஞ்சள் கால்சட்டைகளும் வந்து சேர்ந்தன. முதல் பயிற்சி ஏற்றத்தன்று மழையும் பனியும் கலந்து கொட்டியது. நஹோகோ காலையில் இரண்டு கிண்ணம் மிஸோ சூப் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். முதல் மேட்டில் ஏறி நின்றதும் பிளாஸ்கைத் திறந்து, எல்லோர் முன்னாலும் நின்று, வெந்நீரை மடக் மடக்கென்று குடித்தாள். மலைமேல் குடிக்கிற வெந்நீருக்கு அவ்வளவு ருசி உண்டென்று அவளுக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, "ஒரு நிமிஷம்" என்றாள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. எட்டு ஆண்களும் காற்று வருகிற பக்கமாகத் திரும்பி, தோளோடு தோள் ஒட்டி, சுவர் மாதிரி நின்றுகொண்டார்கள். தலைவர் மட்டும் தேவையே இல்லாமல் உரத்த குரலில், ஸோபா மாவில் எத்தனை பங்கு கோதுமை கலக்கலாம், எத்தனை பங்குக்கு மேல் கலந்தால் அது மோசடி என்று விளக்கிக்கொண்டிருந்தார். நஹோகோ முடித்து, ஜிப்பை மேலேற்றி, உள்ளங்கையால் நீவிவிட்டு, "போலாம்" என்றாள். தலைவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நடந்தார்.

கீழே வந்ததும் அவர் தன் தொடையைத் தொட்டுப் பார்த்து, "இடது பக்கம் லேசா ஈரம்" என்றார்.

நஹோகோ குனிந்து பார்த்தாள். "மடிப்பை நீவிவிடலை நீங்க. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஸோபா மாவை மட்டும் நல்லா நீவத் தெரியுது." அதோடு அவர் ஈரத்தைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மதியம் ஒரு மணி. செண்டாய் நகரத்திலிருந்து தோழியோடு வந்த ஹன்ஸாவா என்ற ஐம்பத்தெட்டு வயது அம்மாள், ஓடைமேல் மூடியிருந்த பனி உடைந்து பள்ளத்தில் விழுந்துவிட்டார். இடுப்புவரை தண்ணீர். கணுக்கால் முறிந்திருக்கிறது என்றாள் தோழி. மேகம் இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் வராது. குழு ஏறியது.

போய்ச் சேரும்போது மூன்றரை. ஓடையின் இருபுறமும் இரண்டு ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர். கயிற்றில் இறங்கின நஹோகோ, அந்த அம்மாளைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரைப்பனியில் படுக்கவைத்து, பக்கத்தில் மண்டியிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நடுக்கம் நின்றுபோய்விட்டது, அதுதான் பயம். அந்த அம்மாளின் கால்சட்டை உள்ளும் புறமும் தண்ணீர் கோத்துக் கனத்தது. கத்தரியால் இரண்டு கால் பக்கமும் வெட்டிப் பிரித்தாள், நனைந்த உள்ளாடையையும் வெட்டினாள், துண்டால் துடைத்தாள். இனி வெற்றுக்கால்.

அடிபட்டவரைச் சுற்றி மூடுகிற போர்வைப் பை மேலே சறுக்குவண்டியில் இருந்தது. ஆனால் பைக்குள் வைத்துக் கட்டி அந்தச் சுவரில் தூக்க முடியாது. தொடையைச் சுற்றி வார் போட்டு, காலைத் தனித்தனியாகக் கட்டித்தான் தூக்கவேண்டும். அதற்குக் குறைந்தது முக்கால் மணி நேரம். முதுகுப் பைகளில் மாற்று உள்கால்சட்டை இருந்தது. எப்படி மாட்டுவது? முறிந்த கணுக்காலில் பலகைக் காலணி இறுகிக் கிடக்கிறது, அதைக் கழற்றினால் அந்த அம்மாள் உயிரே போய்விடும். காலணிக்குமேல் எந்தக் கால்சட்டையும் ஏறாது.

நஹோகோ ஒரு கணம் திகைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் கை தானாகத் தன் விலாவுக்குப் போய், பக்க ஜிப்பைப் பிடித்தது. கணுக்கால்வரை பிரிந்து, முன்பாதி வேறு பின்பாதி வேறாகக் கையோடு வந்துவிடுகிற கால்சட்டையல்லவா இது! காலணி என்ன, பலகையோடு இருந்தாலும் மாட்டலாமே!

"நிறுத்து" என்றது மேலிருந்து ஒரு குரல். தலைவர் குனீ பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். "நீ மண்டி போட்டு உக்காந்திருக்கே. உனக்கு அது வேணும். நான் மேல நின்னு கயிறுதானே இழுக்கப்போறேன்?"

சொல்லி முடிப்பதற்குள் பலகையைக்கூடக் கழற்றாமல், தோள் வாரை அவிழ்த்து, இரண்டு பக்க ஜிப்பையும் கணுக்கால்வரை கிழித்தாற்போல் இறக்கிவிட்டார். மஞ்சள் கால்சட்டை இரண்டு பாதியாகப் பிரிந்து வந்தது. சுருட்டிக் கீழே போட்டார். அவருடைய உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. நஹோகோ பின்பாதியை அந்த அம்மாளின் அடியில் விரித்து, முன்பாதியை மேலே போர்த்தி, காலணியைத் தொடாமல் ஜிப்பை மேலேற்றினாள். மேலிருந்து கீழாக நீவிவிட்டாள். சற்று நேரத்தில் அந்த அம்மாளுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. அந்த நடுக்கத்தைக் கண்டு நஹோகோவுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

வாகன நிறுத்தத்துக்கு இறங்கியபோது விளக்குப் போடுகிற நேரம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆட்கள், பாதி கிராமம், மசாதோ, உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் நிருபர் ஒருத்தி என்று கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்துக்குள் அறுபத்தொரு வயது குனீ தெத்சுரோ, பழுப்பு நிறக் கம்பளி உள்கால்சட்டையோடு, முட்டி இடிக்க, நிமிர்ந்த நெஞ்சோடு சறுக்கிக்கொண்டு வந்து நின்றார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டது.

"தலைவரே, பேன்ட் எங்க?" என்று தீயணைப்பு ஆள் ஒருவர் கேட்டார்.

"செண்டாய்க்குப் போகுது" என்றார் தலைவர்.

ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், காலில் சூடு இருந்ததால்தான் இந்த அம்மாள் பிழைத்தார் என்று சொன்னதும், நிருபர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தலைவரிடம் ஓடிவந்தாள். அவர் கையை ஆட்டி மறைத்தார். "இந்தக் கோலத்துல என்னை எதுக்கும்மா படம் பிடிக்கறே? இவங்களைப் பிடி. இந்த பேன்ட்டைத் தேர்ந்தெடுத்தது இவங்க. நான் வேண்டாம்னேன். மத்த ஏழு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க." நஹோகோவின் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்கு முன்னால் நிறுத்தினார். "எங்க குழுவோட உடுப்புப் பொறுப்பாளர், ஷிபுவே நஹோகோ."

"இந்த வகையை ஏன் தேர்ந்தெடுத்தீங்க, ஷிபுவே-சான்?" என்று நிருபர் கேட்டாள். "இப்படி ஒரு ஆபத்து வரும்னு முன்கூட்டியே யோசிச்சீங்களா?"

எட்டு ஆண்களும் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். ஷுன்பேய் இருமினான். நஹோகோ நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இங்கே ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் மெச்சியிருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை.

"இல்லைங்க" என்றாள், கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "மலைமேல நான் தண்ணி குடிக்கணும், குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். அதுக்காகத்தான் தேர்ந்தெடுத்தேன்."

நிருபர் கேமராவை இறக்கினாள். அப்புறம் குனிந்து, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.